முன்பனிக்கு ஒரு பள்ளி வேன்

பினாங்கில் ஏது குளிர்காலம் என்று யாராவது கேட்டால், ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டவேண்டும் போலிருக்கும் எனக்கு. தை பிறந்து வெயில் காயக் காய, பால்மரத்து இலைகள் மஞ்சளும் செம்பழுப்புமாக மாறி, சில வாரங்களுக்குள் மரம் மொட்டையாக நிற்கும். காட்டுக்குள் நடந்தால் காலடியில் சருகு அப்பளம் மாதிரி நொறுங்கும். தோட்டத்துத் துரைமார் இதை விண்டரிங் என்றார்கள், எங்கள் ஆட்கள் இலை கொட்டுற காலம் என்றார்கள். அந்த நாட்களில் பால் குறையும், பால் குறைந்தால் கூலியும் குறையும். ஆனால் அதே வாரங்களில்தான் பொங்கலும் தைப்பூசமும் வரும். தோட்டத்து லாரியைக் கழுவி, பலகை போட்டு, பாயும் பானையும் பிள்ளைகளுமாக எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த் படகுத்துறைக்குப் போவார்கள். எனக்கு நினைவு தெரிந்து ஊர்சுற்றல் என்றால் அதுதான், வருடத்தில் ஒரு முறை.

டிசம்பரில் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் வெள்ளம் வரும் செய்தியை எல்லாரும் பார்க்கிறோம். அந்த வடகிழக்குக் காற்று தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி எங்கள் பக்கம் வருவதற்குள் மழையில் பெரும்பகுதியை அங்கேயே இறக்கி வைத்துவிடும். எங்களுக்குப் பெருமழை செப்டம்பரிலிருந்து நவம்பர் வரைக்கும்தான். டிசம்பர் பாதியைத் தாண்டினால் வானம் தெளிந்துவிடும், ஜனவரியும் பிப்ரவரியும் ஆண்டிலேயே காய்ந்த மாதங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வெளியே வந்தால் காதோரம் ஒரு சில்லிப்பு தட்டும், பெரியவர்கள் அதை இன்னமும் வாடை என்றுதான் சொல்கிறார்கள். பத்து மணிக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்துவிடும். ஆக எங்கள் குளிர்காலம் ஒவ்வொரு நாளும் விடியலில் தொடங்கிப் பத்து மணிக்கு முடிந்துபோகிற ஒன்று. வயதானவர்களை வெளியே கூட்டிப்போக நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். நாங்கள் அதைத் தெரிந்துகொள்ளவே இரண்டு வருடம் ஆனது.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பக்கத்தில், தீவுக்கு எதிர்க்கரையில் இருந்த எங்கள் தோட்டம் இப்போது இல்லை. விற்று, மரத்தைச் சாய்த்து, தொழிற்சாலைக் கூரைகள் எழும்பிவிட்டன. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் பக்கத்துப் பக்கத்து வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்தவர்கள் எல்லாம் பிறை, பட்டர்வொர்த், சிம்பாங் அம்பாட் என்று அடுக்குமாடிகளில் சிதறிப் போனார்கள். ஒன்பதாவது மாடியில் ஒருவர், பதினான்காவது மாடியில் ஒருவர். லிப்ட் வேலை செய்யாத வாரத்தில் அவர்கள் யாரும் கீழே இறங்குவதில்லை.

ஒரு தைப்பூசத்துக்கு முதல் நாள், இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வீடு திரும்பினேன். எங்கள் மாடி நடைபாதையில் பக்கத்து வீட்டுப் பாட்டி பிளாஸ்டிக் நாற்காலியைத் தீவுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம் கொடிமலை நீலமாகத் தெரியும், அதன் அடிவாரத்தில்தான் தைப்பூச ரதம் போய்ச் சேரும் தண்ணிமலை. ‘ரதம் கிளம்பியிருக்கும்மா’ என்றார். நீங்கள் போகவில்லையா பாட்டி என்று கேட்டேன். ‘யாரு கூட்டிட்டுப் போவா?’ என்று சாதாரணமாகத்தான் சொன்னார். கணக்குப் பார்த்தால் பதினோரு வருடமாக அவர் ரதத்தைப் பார்க்கவில்லை. பாலத்தில் போனால் அரைமணி நேரம். எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த வருடம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு பேருந்து பேசினோம். முன்பணமும் கொடுத்தாயிற்று. அதிகாலை நாலரைக்குக் கீழே வரச் சொல்லியிருந்தோம். மூன்று மணிக்கே எழுந்து குளித்து, அர்ச்சனைத் தட்டும் தேங்காயும் கையுமாக இருபத்திரண்டு பேர் கார் நிறுத்துமிடத்தின் திண்டில் உட்கார்ந்திருந்தார்கள். பேருந்து வரவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை. ஏழு மணி வரை காத்திருந்து, ஒவ்வொருவரையும் மறுபடி மாடியேற்றி விட்டோம். யாரும் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அன்று கீழே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் புளோக்கில் பள்ளி வேன் ஓட்டும் அண்ணன். ‘பள்ளிக்கூடம் இல்லாத நாள்ல என் வண்டி சும்மாதானே தங்கச்சி நிக்குது’ என்றார். அங்கிருந்து தொடங்கியதுதான் இது. தைப்பூசம் பினாங்கில் பொது விடுமுறை, அந்தச் சமயத்தில் வண்டிக்குப் பெரும்பாலும் வேலை இருக்காது. சனி, ஞாயிறும் அப்படியே. பள்ளி நாட்களில்கூட, ஏழரைக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி பன்னிரண்டரைக்குத்தான் போகவேண்டும். ஐந்து மணி நேரம், அதுவும் நம் குளிர்காலத்தின் பின்பாதி அடங்குகிற ஐந்து மணி நேரம்.

டிசம்பர் சனிக்கிழமைகளில் ஒன்றை நாங்கள் தெலுக் ஆயர் தாவார் கடற்கரைக்கு ஒதுக்குகிறோம். பட்டர்வொர்த்துக்கு வடக்கே, கோலா மூடா வரைக்கும் நீண்டு கிடக்கிற சேற்றுக்கரை அது. தண்ணீர் வற்றினால் கடல் எங்கேயோ போய்விடும், கண்ணுக்கு எட்டிய மட்டும் பளபளவென்று சேறு. குளிர்காலத்தை உண்மையிலேயே குளிரிலிருந்து தப்பிக் கழிக்க வருகிறவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். சைபீரியா பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் உள்ளான்களும் கோட்டான்களும் (ஆந்தை இல்லை, நீள அலகுள்ள கரைப்பறவை) செப்டம்பர் வாக்கில் வந்து மார்ச் வாக்கில் திரும்புகின்றன. ரஷ்யாவின் கிழக்கோரத்தில் மட்டுமே முட்டையிடும் ஒரு பச்சைக்காலிப் பறவை, உலகத்திலேயே மிகவும் அருகிப்போன கரைப்பறவைகளில் ஒன்று, அதுவும் இந்தச் சேற்றுக்கு வருகிறது. பறவை பார்க்கத் தொலைநோக்கி வேண்டும் என்று பயந்துகொண்டிருந்தேன். அங்கிருந்த ஒரு மலாய் மீனவர்தான் சொன்னார், வற்றிய நேரத்தில் வராதீர்கள், நீர் ஏறும் நேரத்தில் வாருங்கள் என்று. அலை உள்ளே வர வர, சேற்றில் தூரமாக மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் எல்லாம் பின்வாங்கிப் பின்வாங்கி நம் பக்கமே ஒதுங்கும். சும்மா கரையில் பாய் விரித்து உட்கார்ந்தால் போதும். அதனால் இப்போது நாள் குறிக்குமுன் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்க்காமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை.

கோட்டானை ஒருமுறையாவது கிட்டத்தில் பார்க்கவேண்டும். கோழி அளவு உடம்பு, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத நீளத்தில் கீழ்நோக்கி வளைந்த அலகு. அதைச் சேற்று ஓட்டைக்குள் அடிவரை விட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து எதையோ கேட்பது மாதிரி ஒரு நொடி நிற்கும், அப்புறம் உருவி எடுத்தால் அலகு நுனியில் நண்டு. நண்டை உதறி உதறிக் காலை முறித்துவிட்டுத்தான் விழுங்கும். எங்கள் பெரியப்பா, நாற்பது வருடம் பால் வெட்டியவர், அதையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ‘கத்தியை ஆழமா விட்டாலும் மரத்துக்குக் காயம் படக்கூடாது, அது மாதிரில்ல பண்ணுது’ என்றார். அவர் தொழிலைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று வண்டியில் திரும்பும்போது பட்டை எவ்வளவு மெல்லிசாகச் சீவவேண்டும், கோடு எந்தச் சாய்வில் இறங்கவேண்டும் என்று பேத்தியின் கையைப் பிடித்து விரலால் வரைந்து காட்டிக்கொண்டே வந்தார்.

அதே கடற்கரையோரமாக வடக்கே போனால் கோலா மூடாவில் குசுகுசு மீன்சந்தை. படகில் வந்த மீனை வாங்க வருகிறவர்கள் விலையைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். விற்பவர் காதோரம் குனிந்து மெல்லச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள், அடுத்தவர் வந்து அவர் விலையைச் சொல்வார். எல்லாரும் சொல்லி முடித்ததும் யாருக்கு என்று விற்பவர் முடிவு செய்வார். யாருக்கும் அடுத்தவர் கேட்ட விலை தெரியாது, அதனால் சண்டையும் கிடையாது. எங்கள் பெண்கள் அங்கே மீனை வாங்கியதைவிட வேடிக்கை பார்த்ததுதான் அதிகம்.

மார்கழிக் கோயில் காலைகளைப் பற்றி நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை, அவரவர் வீட்டுப் பக்கத்துக் கோயிலில் திருவெம்பாவையும் சுண்டலும் இருக்கவே இருக்கின்றன. நடக்க முடியாதவரை யாராவது ஒருவர் மோட்டார் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனால் போதும், அதற்கு வேன் வேண்டாம்.

பொங்கலுக்கு முந்தின வாரம் தீவுக்குப் போகிறோம், லிட்டில் இந்தியாவுக்கு. மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட் ஓரமெல்லாம் கரும்பு சாத்தியிருக்கும், பானைகளும் மஞ்சள் கொத்தும் தோரணமும் நடைபாதையை அடைத்திருக்கும். கரும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று நினைவுக்கு வரும். எங்கள் கரையான செபராங் பிறையில் ரப்பருக்கு முன்னால் கரும்புதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் ஆட்களைக் கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து இறக்கியது இங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்குத்தான். ரப்பர் அப்புறம் வந்தது, செம்பனை அதற்கும் அப்புறம். எங்கள் கொள்ளுப்பாட்டன் எதை வெட்ட வந்தார் என்று வீட்டில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, ஆனால் வாசலில் இரண்டு கரும்பைச் சாய்த்துக் கட்டும்போது எனக்கு அவர் ஞாபகம்தான்.

இந்தக் கரும்புக்கு இங்கே இன்னொரு வீடும் உண்டு. சீனப் புத்தாண்டின் எட்டாம் இரவு, ஒன்பதாம் நாள் பிறக்கும் நேரம், ஹொக்கியன் மக்கள் விண்ணுலக அரசருக்குப் பூசை போடுவார்கள். முன்னொரு காலத்தில் எதிரிகள் துரத்த, அவர்களின் முன்னோர் கரும்புக் காட்டுக்குள் ஒளிந்து உயிர் பிழைத்து, ஒன்பதாம் நாள்தான் வெளியே வந்தார்களாம். அந்த நன்றிக்கு இன்றும் மேசையின் இரண்டு பக்கமும் தோகையோடு கரும்பைக் கட்டுகிறார்கள். பெங்காலான் வெல்ட் ஓரம் இருக்கிற சியூ ஜெட்டியில், கடலுக்குள் மரக்கால் ஊன்றிக் கட்டிய வீடுகளின் முன்னால், அந்த மேசைகள் நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும், நள்ளிரவில் தங்கத்தாள் குவியலோடு கரும்பையும் நெருப்பில் இடுவார்கள். ராத்திரி நேரம், கூட்டம் வேறு, அதனால் நடக்கத் தெம்புள்ள ஆறேழு பேரைத்தான் கூட்டிப்போனோம். பாட்டி ஒருவர் கரும்பைத் தொட்டுப் பார்த்து, ‘நம்ம கரும்புதான்’ என்றார். மேசைக்குப் பின்னால் நின்ற சீன அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, ஒரு பாக்கெட் சிவப்பு ஆமைப் பலகாரத்தை எடுத்துப் பாட்டி கையில் வைத்தார்.

இனி தைப்பூசம். இதைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான அபிப்பிராயம் இருக்கிறது: வயதானவர்களை ரதம் முடிகிற இடத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள், அது கிளம்புகிற இடத்துக்குக் கூட்டிப்போங்கள். பெரும்பாலான குடும்பங்கள் இருட்டியபின் தண்ணிமலைப் பக்கம்தான் போகின்றன, தண்ணீர்ப் பந்தலும் விளக்கும் பாட்டும் அங்கேதான் என்பதால். ஆனால் அந்த நெரிசலில் எண்பது வயதுக்காரருக்கு நிற்க இடமில்லை, கழிவறைக்கு வழியில்லை, ரதம் வரும்போது முன்னால் நிற்பவர் முதுகுதான் தெரியும். மலைமேல் இருக்கிற பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. 2012-இல் குடமுழுக்கு நடந்த அந்தப் பெரிய கோயிலை அவர்களில் பலர் கீழிருந்து கும்பிட்டதோடு சரி.

காலையில் அப்படியில்லை. வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட்டில் இருக்கிற நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து விடியும் வேளையில் கிளம்பும். 1894-இல் இந்தியாவிலிருந்து வந்த ரதம் அது. 2017-இலிருந்து தங்க ரதமும் உண்டு, குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து முருகனின் வேலைச் சுமந்து புறப்படும். அந்த மாரியம்மன் கோயிலே 1833-ஐச் சேர்ந்தது. எது பெரிது, எதன் பின்னால் போவது என்று பேசிக்கொண்டிருப்பவர்கள் பேசட்டும். எங்கள் வேனில் வருகிற கிழவிகளுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டுக்கும் தேங்காய் உடைப்பார்கள், இரண்டுக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

நாலரைக்குக் கிளம்பினால் ஐந்தேகாலுக்கு ஊருக்குள் இருக்கலாம். பாதை அடைபடுமுன் முடிந்தவரை கிட்டத்தில் இறக்கிவிட்டு வண்டி ஒதுங்கிக்கொள்ளும். ஐந்தடிக் கால் என்கிற கடைவாசல் நடைபாதை நிழலில் மடக்கு நாற்காலிகளை வரிசையாகப் போடுவோம். பிளாஸ்கில் சுக்குக் காபி, ஆளுக்கு இரண்டு இட்லி. இருட்டுக்குள் உறுமி எங்கோ தொடங்கும். அப்புறம் தெருமுனையில் விளக்கு வெள்ளம் திரும்பும், வெள்ளித் தகடு முழுக்க அந்த வெளிச்சம் நடுங்கும், மாட்டின் கழுத்துமணி கேட்கும் தூரத்துக்கு வந்துவிடும். ரதம் நின்று நின்றுதான் வரும், ஒவ்வொரு வாசலிலும் அர்ச்சனை. கைக்குழந்தைகளை மேலே தூக்கிக் கொடுப்பார்கள், திருநீறு பூசிக் கீழே வரும்.

தேங்காய்தான் பினாங்குத் தைப்பூசத்தின் தனிச்சொத்து. வீதி நெடுக, முச்சந்திக்கு முச்சந்தி, மலைமலையாகக் குவித்திருப்பார்கள். அதில் பெரும் பங்கு சீனர்கள் நேர்ந்துகொண்டது, குவியல்மேல் ஊதுபத்திக் கட்டு புகைந்துகொண்டிருக்கும். ரதம் நெருங்கும்போது ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் இரண்டு கையாலும் எடுத்து எடுத்து அடிப்பார்கள், சாலையில் இளநீர் ஓடும், ரதம் போனதும் மண்வாரி இயந்திரம் வந்து ஓடுகளை ஒதுக்கிவிட்டுப் போகும். அந்த ஓடுகள் காலைக் கிழித்துவிடும். வேண்டுதல் இருப்பவர்கள் வெறுங்காலோடு நடக்கட்டும், மற்றவர்களுக்கு ரப்பர் அடி செருப்பு கட்டாயம் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிடுவேன்.

பதினோரு வருடம் போகாத அந்தப் பாட்டியை, வேன் கிடைத்த முதல் வருடமே கூட்டிப்போனோம். வீட்டிலிருந்தே ஒரு தேங்காயை மஞ்சள் தடவி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ரதம் வந்தபோது எழுந்து நின்று, தலைக்கு மேல் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி, தரையில் அடித்தார். உடையவில்லை. உருண்டு சாக்கடை ஓரம் போய்விட்டது. பாட்டி முகம் வாடிவிட்டது, உடையாத தேங்காயை நம் ஆட்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான் ஓடுவதற்குள், தன் குவியலை உடைத்துக்கொண்டிருந்த சீனப் பையன் ஒருவன் வியர்வையோடு போய் அதை எடுத்து, தன் சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் பாட்டியிடம் நீட்டினான். ‘பாட்டி, கூவாட் சிக்கிட்’ என்றான், கொஞ்சம் பலமாக என்று அர்த்தம். இரண்டாவது அடியில் தேங்காய் நாலாகச் சிதறியது. பாட்டி அவன் தலையைத் தொட்டுத் திருநீறு வைத்துவிட்டார், அவனும் குனிந்து காட்டினான். எட்டரைக்கெல்லாம் வேனில் ஏறிவிட்டோம். பாலத்தைத் தாண்டும்போது பாட்டி தூங்கிப்போயிருந்தார், மடியில் ஒரு தேங்காய்ச் சில்.

கடைசியாகக் கொடிமலை. அதை நாங்கள் வேண்டுமென்றே ஒரு பள்ளி நாளில் வைத்துக்கொள்கிறோம், விடுமுறை நாளில் ரயிலுக்கு நிற்கும் வரிசையில் பெரியவர்களை நிறுத்த முடியாது. அந்த மலை ரயில் நூறு வயதைத் தாண்டியது, 1920-களில் ஓடத் தொடங்கியது. இப்போதுள்ள பெட்டிகள் 2011-இல் வந்தவை, சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். மலையின் உயரமான சிகரம் 833 மீட்டர். ரயில் நிற்கும் இடத்திலேயே கீழே இருப்பதைவிட நாலைந்து பாகை குளிர்ச்சி. வண்டியை விட்டு இறங்கியதும் கிழவிகள் முந்தானையைத் தோள்சுற்றி இழுத்துவிட்டுக்கொள்ளும் அந்த ஒரு நொடி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேலே ஒரு முருகன் கோயில் இருக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே மசூதியும். கும்பிட்டுவிட்டுக் கிழக்குப் பக்கம் வந்து நின்றால், காய்ந்த மாதம் என்பதால் மூட்டமில்லாமல் எல்லாம் தெரியும்: ஜார்ஜ்டவுன், நீரிணை, பாலம், அந்தக் கரையில் பிறை, அதற்கும் பின்னால் புக்கிட் மெர்தாஜாம் மலை.

போன முறை எங்கள் பெரியப்பா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தி கேட்டாள், தாத்தா நம்ம தோட்டம் எங்கே என்று. அவர் மெர்தாஜாம் மலையை அடையாளம் வைத்துக்கொண்டு விரலை மெல்ல இறக்கிக்கொண்டே வந்து, வெள்ளைக் கூரைகள் நெருக்கமாக இருந்த ஓரிடத்தில் நிறுத்தினார். ‘அந்த நீளக் கூரைக்கு இந்தப் பக்கம் ஸ்டோர். அதுக்குக் கீழ லயம். லாரி இப்படித்தான் வளைஞ்சு வரும்’ என்று காற்றில் ஒரு கோடு இழுத்தார், பட்டர்வொர்த் துறை வரைக்கும். சுற்றி நின்ற இரண்டு பாட்டிமார் உடனே மறுத்தார்கள், ஸ்டோர் அங்கே இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று. வாக்குவாதம் கீழே ரயிலில் இறங்கும்வரை, பாலத்தைத் தாண்டும்வரை நடந்தது. புளோக்கின் கீழே வண்டி நின்றபோது மணி பன்னிரண்டே கால். டிரைவர் அண்ணன் ஒவ்வொருவரையும் கைப்பிடித்து இறக்கிவிட்டு, மடக்கு நாற்காலிகளை என்னிடம் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை ஏற்றப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்.